தட்டிப் பார்க்க முடியாத பொருள்

மண்பானை வாங்கும்போது என்ன செய்வோம்? விரலால் தட்டிப் பார்ப்போம். கணீர் என்று ஒலி கேட்டால்தான் வாங்குவோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம்.

இவையெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த படிப்பு. இதற்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

இன்று நாம் வாங்கும் பொருள்கள் மாறிவிட்டன. செல்போன், சார்ஜர், மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாம் பெட்டிக்குள் மூடி வருகின்றன. அவற்றைத் தட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குக் கொண்டு போய்ப் பயன்படுத்திய பிறகுதான் குறை தெரியும்.

அப்போது நமக்குத் துணை எது? பில். வாரண்டி அட்டை. பெட்டியின் மேல் அச்சிட்ட விவரம். நாம் எழுதி அனுப்பும் கடிதம். இவற்றைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தால் நம்மை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இந்தப் பாடத்தில் ஒரு கதை வருகிறது. கதையும் அதில் வருகிறவர்களும் கற்பனை. ஆனால் பாடத்தில் சொல்லும் சட்டங்கள் உண்மையானவை.

1. செல்வியின் கடை

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாகத் தங்கச் சுரங்கம் நடந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அதில் வேலை செய்தன. 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. இப்போது அந்த ஊர் மக்கள் பலர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

செல்விக்கு அது முடியாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். படுக்கையில் மாமியார். அதனால் வீட்டு முன்னறையில் ஒரு சிறு கடை வைத்தாள். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. அவ்வளவுதான் கடை.

ஓய்வூதிய விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம், ரேஷன் அட்டைத் திருத்தம் எல்லாம் அங்கே செய்து தருவாள். ஒரு விண்ணப்பத்துக்கு 30 ரூபாய் வாங்குவாள்.

ஒருநாள் கீபோர்டின் கம்பியை எலி கடித்துவிட்டது. கம்பி இல்லாத கீபோர்டும் மவுஸும் வாங்கினால் எலித் தொல்லை இருக்காது என்று செல்வி நினைத்தாள். மகளிர் குழுவில் 2,000 ரூபாய் கடன் எடுத்தாள். 2025 ஜூன் 2-ஆம் தேதி கடைவீதியில் வாங்கினாள். விலை 1,850 ரூபாய்.

"பில் வேணுமாம்மா? பில் போட்டா வரி சேரும்" என்றார் கடைக்காரர்.

"பில் குடுங்கண்ணா. குழுவில கணக்குக் காட்டணும்" என்றாள் செல்வி.

குழுவுக்காகக் கேட்ட அந்தப் பில் பிறகு அவளுக்கே உதவியது.

2. ஒரு 7 கூடுதல்

மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் தொல்லை தொடங்கியது. சில எழுத்துகளை அழுத்தினால் விழவில்லை. சில எழுத்துகள் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழுந்தன. மவுஸ் திடீரென்று நின்றுவிடும்.

அன்று மாரியம்மாள் விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். அவருக்கு வயது 58. ஓர் ஆண்டாகத்தான் மாலை நேரக் கல்வி மையத்தில் எழுத்தும் எண்ணும் படிக்கிறார்.

செல்வி விவரங்களைப் பதிந்தாள். காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தாள். "பெரியம்மா, ஒரு தரம் சரி பாருங்க. அப்புறம் அனுப்பிடலாம்" என்றாள்.

மாரியம்மாள் வங்கிப் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் ஆனது.

"கண்ணு, என் புத்தகத்தில ஒரு 7 தானே இருக்கு? நீ ரெண்டு 7 போட்டிருக்கியே."

செல்விக்குத் திக்கென்றது. அவள் ஒரு முறைதான் அழுத்தினாள். கீபோர்டு இரண்டு முறை பதிந்துவிட்டது. வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் எண் பிசகினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். பணம் வராமலே போகலாம். மாரியம்மாளுக்கு வேறு வருமானம் இல்லை.

அன்று முதல் செல்வி எதைப் பதிந்தாலும் மூன்று முறை படித்துப் பார்த்தாள். ஒரு நாளில் பத்து விண்ணப்பம் முடித்த இடத்தில் நாலுதான் முடிந்தது. காத்திருந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

3. குறை பொருளிலா, வைத்த இடத்திலா?

புகார் செய்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளில்தான் குறையா? அல்லது நாம் பயன்படுத்தும் முறையில் குறையா?

கம்பி இல்லாத கீபோர்டு எப்படி வேலை செய்கிறது? அதற்குள் ஒரு சிறு வானொலி நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஓர் எழுத்தை அழுத்தியதும் அது வானொலி அலையாகப் போகிறது. கம்ப்யூட்டரில் நகம் அளவுள்ள ஒரு சிறு கருவியைச் செருகியிருப்போம். அதற்கு ரிசீவர் என்று பெயர். அது அலையை வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

இந்த அலை பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகிறது. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவையும் அதே பக்கத்தில்தான் வேலை செய்கின்றன. ஒரே சந்தில் நாலு பேர் கூச்சல் போட்டால் யார் பேச்சும் காதில் விழாது. அதுபோல் அலைகளும் ஒன்றை ஒன்று கெடுக்கலாம்.

அதனால் இவற்றைச் சோதித்துப் பாருங்கள்:

• புது பேட்டரி போடுங்கள். கூட்டல் குறி, கழித்தல் குறி பார்த்துச் சரியாகப் போடுங்கள்.

• ரிசீவரைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் செருகுங்கள். பின்பக்கம் செருகினால் இரும்புப் பெட்டி அலையை மறைக்கலாம்.

• ரிசீவருக்குப் பக்கத்தில் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேகமான யு.எஸ்.பி. 3.0 கருவிகள் இந்த அலைவரிசையில் இரைச்சல் உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012-ல் ஓர் அறிக்கையில் விளக்கியது.

• மவுஸைக் கண்ணாடி மேசையில் வைக்காதீர்கள். அதன் அடியில் உள்ள ஒளி கண்ணாடியில் சரியாகத் திரும்பாது. ஓர் அட்டையை வையுங்கள்.

• வேறொரு கம்ப்யூட்டரில் பொருத்திப் பாருங்கள். அங்கேயும் அதே குறை இருந்தால் பொருளில்தான் குறை.

செல்வி ஐந்தையும் செய்தாள். பக்கத்துத் தெரு அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பொருத்திப் பார்த்தாள். அங்கேயும் 7 இரண்டு முறை விழுந்தது. அண்ணனின் மகன் அதைச் செல்போனில் படம் பிடித்தான்.

4. அலைக்கழிப்பு

ஜூன் 9-ஆம் தேதி செல்வி கடைக்குப் போனாள்.

"வித்த பொருளைத் திருப்பி வாங்க மாட்டோம்மா. போர்டு மாட்டியிருக்கோம் பாரு. கம்பெனிக்குப் போன் பண்ணு" என்றார் கடைக்காரர்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்தாள். பதிவு செய்த குரல் இந்தியில் பேசியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. பிறகு பாட்டு ஓடியது. இருபது நிமிடம் காத்திருந்தாள். இணைப்பு அறுந்துவிட்டது.

ஜூன் 12-ஆம் தேதி ஒருவர் பேசினார். புகார் எண் கொடுத்தார். "ஒரு வாரத்தில் ஆள் வருவார்" என்றார். ஆள் வரவில்லை.

ஜூன் 18-ஆம் தேதி மறுபடி பேசினாள். "நீங்கள் கடையில் வைத்துப் பயன்படுத்துகிறீர்கள். அது வியாபாரம். வியாபாரத்துக்கு வாரண்டி இல்லை" என்று வேறொருவர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துச் செல்போனில் ஒரு செய்தி வந்தது. "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. நன்றி" என்று அதில் இருந்தது.

எதுவும் தீரவில்லை. கீபோர்டு மேசையில் அப்படியே கிடந்தது. குழுவுக்கு வட்டி கட்டும் நாள் வந்துவிட்டது.

5. கல்வி மையத்தில் பேச்சு

மாரியம்மாள் செல்வியை மாலை நேரக் கல்வி மையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பதினைந்து பேர் இருந்தார்கள். செல்வி நடந்ததைச் சொன்னாள்.

"எனக்கும் இப்படித்தான். மிக்ஸி வாங்கி ரெண்டு மாசத்தில மூட்டை கட்டிப் பரண்மேல போட்டேன்" என்றார் ஒருவர்.

"பெரிய கம்பெனிகிட்ட நாம என்ன பேசறது? தலையெழுத்துன்னு விடு" என்றார் இன்னொருவர்.

டீச்சர் கேட்டார்: "தலையெழுத்து இருக்கட்டும். பில்லில் என்ன எழுதியிருக்கிறது? யாராவது படியுங்கள்."

மாரியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தார். கடையின் பெயர், தேதி, பொருளின் பெயர், விலை எல்லாம் இருந்தன. வாரண்டி அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. டீச்சர் படித்துச் சொன்னார். ஓராண்டு வாரண்டி என்று இருந்தது. கடையில் வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்று எந்த இடத்திலும் இல்லை.

"டீச்சர், சட்டமெல்லாம் படிச்சவங்களுக்குத்தானே?" என்று கேட்டார் மாரியம்மாள்.

"பொருள் வாங்குகிற எல்லாருக்கும்தான். தீப்பெட்டி வாங்கினால் கூட நீங்கள் நுகர்வோர். நுகர்வோர் என்றால் காசு கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுகிறவர்" என்றார் டீச்சர். பிறகு சட்டத்தை விளக்கினார்.

6. சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் தந்தார். அதனால் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். அதன் பிறகு 2019-ல் புதுச் சட்டம் வந்தது. 2020 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

குறையுள்ள பொருள்: பில்லில் ஒரு கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்கிறது சட்டம். "விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்று பலகை மாட்டினாலும் இது மாறாது.

பில்: விற்றதற்குப் பில் தராமல் இருப்பதும் நேர்மையற்ற வணிக முறைதான்.

பிழைப்புக்கு வாங்கிய பொருள்: வணிகத்துக்காக வாங்குகிறவர் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் தானே உழைத்து, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் அது வணிகம் ஆகாது. தையல் மெஷின் வாங்கித் துணி தைக்கும் பெண் நுகர்வோர்தான். கீபோர்டு வாங்கி விண்ணப்பம் பதியும் செல்வியும் நுகர்வோர்தான்.

பெட்டியில் விவரம்: பொட்டலப் பொருள் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் சொல்வதற்கான தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். கம்பி இல்லாத கீபோர்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு செய்த பிறகே விற்க வேண்டும். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அதில் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் அந்த எண் உண்மையா என்று பார்க்கலாம்.

இணையத்தில் வாங்கினால்: விற்கும் இணையக் கடை ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். இது 2020-ல் வந்த விதி.

7. எழுதினால் சாட்சி

"போனில் பேசியது காற்றோடு போகும். கடிதம் கையில் நிற்கும்" என்றார் டீச்சர். எல்லாரும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். செல்வி எழுதினாள். மாரியம்மாள் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார்.

"கடைக்குப் போனேன்னு எழுதியிருக்கே. எந்தத் தேதின்னு இல்லையே?" என்றார்.

செல்வி தேதியைச் சேர்த்தாள். இதுதான் அந்தக் கடிதம்:

நாள்: 30.6.2025

அனுப்புநர்: செல்வி, கோலார் தங்கவயல்.

பெறுநர்: கடை உரிமையாளர்.

நகல்: தயாரிப்பு நிறுவனம், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

பொருள்: குறையுள்ள கீபோர்டு, மவுஸ் – பணம் திரும்பக் கேட்டல்.

நான் 2.6.2025 அன்று உங்கள் கடையில் கம்பி இல்லாத கீபோர்டும் மவுஸும் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். 6.6.2025 முதல் கீபோர்டில் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை எழுத்து விழுகிறது. மவுஸ் அடிக்கடி நின்றுவிடுகிறது. புது பேட்டரி போட்டும், வேறு கம்ப்யூட்டரில் பொருத்தியும் பார்த்தேன். குறை தீரவில்லை.

9.6.2025 அன்று உங்களிடம் நேரில் சொன்னேன். 10, 12, 18 ஆகிய தேதிகளில் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால் புகார் தீர்ந்துவிட்டது என்று 20.6.2025 அன்று செய்தி அனுப்பினார்கள்.

நான் சுயதொழில் செய்து பிழைக்கிறேன். பொருளை எடுத்துக்கொண்டு 1,850 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பித் தருமாறு கேட்கிறேன். தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்.

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல், செல்போன் செய்தியின் நகல்.

இப்படிக்கு,
செல்வி

கடிதத்தில் திட்டு இல்லை. அழுகை இல்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்பவை மட்டும் இருக்கின்றன.

நிறுவனத்துக்கு அனுப்பும் நகலை டீச்சர் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பினார்கள். தபால் ரசீதைப் பில்லோடு சேர்த்து ஒரு பையில் வைத்தார்கள். பொருள் வாங்கி அன்றைக்கு 28 நாள்தான் ஆகியிருந்தது.

8. 1915

பதினைந்து நாள் ஆனது. பதில் வரவில்லை. ஜூலை 16-ஆம் தேதி செல்வி 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாள். இது தேசிய நுகர்வோர் உதவி எண். இதற்குக் கட்டணம் இல்லை. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம்.

செல்வி தமிழிலேயே பேசினாள். தேதிகளையும் பில் எண்ணையும் கேட்டார்கள். எல்லாம் கையில் இருந்தன. தடுமாறாமல் சொன்னாள். உதவி மையம் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பியது.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த உதவி மையம் சமரசம் பேசும். ஆனால் தீர்ப்புச் சொல்லாது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

• நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி.

• பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

• வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்களே பேசலாம்.

• குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

• நேரில் கொடுக்கலாம். 'இ-ஜாக்ரிதி' என்ற அரசு இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். இது 2025 ஜனவரியில் தொடங்கியது.

• எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதம். நடைமுறையில் கூடுதல் நாள் ஆவதும் உண்டு.

செல்வி அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்ட் 8-ஆம் தேதி கடைக்காரர் ஆள் அனுப்பினார். பொருளை வாங்கிக்கொண்டு 1,850 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். கடையில் மாட்டியிருந்த பலகையையும் எடுத்துவிட்டார்.

செல்வி முழுதும் மகிழ்ந்தாள் என்று சொல்ல முடியாது. வாங்கிய நாளிலிருந்து 67 நாள் போய்விட்டது. குழுவுக்கு வட்டி கட்டினாள். போன வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பவே இல்லை. அந்த நஷ்டத்துக்கும் ஆணையத்தில் ஈடு கேட்கலாம் என்றார் டீச்சர். "மாமியாரை விட்டுட்டுக் கோலாருக்கு அலைய முடியாது டீச்சர்" என்றாள் செல்வி. அது அவளுடைய முடிவு.

இந்த முறை கம்பி உள்ள கீபோர்டு வாங்கினாள். கம்பியை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மூடினாள். மாரியம்மாளின் விண்ணப்பத்தைப் புதுக் கீபோர்டில் பதிந்து அனுப்பினாள். கணக்கு எண்ணை மாரியம்மாள் உரக்கப் படித்தார். செல்வி பதிந்தாள். ஒரு 7 தான் விழுந்தது.

நினைவில் வையுங்கள்

• பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

• வாரண்டி அட்டையை வாங்கும்போதே படியுங்கள். தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்தவரைக் கேளுங்கள்.

• கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

• வங்கி எண் பதிகிறவர்கள் கம்பி உள்ள கீபோர்டு வாங்குவது நல்லது. விலை குறைந்த சில கம்பியில்லாக் கீபோர்டுகள் எழுத்துகளை மறைக்காமல் அலையில் அனுப்புகின்றன என்று 2016-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் இருப்பவர் தக்க கருவி வைத்து அதைப் பிடிக்க முடியும்.

• போனில் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

• 30 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பயிற்சி

அ. பொருள் தெரிந்துகொள்ளுங்கள்

நுகர்வோர் – காசு கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுகிறவர்
நகல் – பிரதி
கெடு – குறித்த கால அளவு
ஈடு – நஷ்டத்துக்குத் தரும் பணம்
ஆணையம் – சட்டப்படி விசாரித்து முடிவு சொல்லும் அமைப்பு

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. தேசிய நுகர்வோர் உதவி எண் ______.
2. தேசிய நுகர்வோர் நாள் டிசம்பர் ______.
3. குறை ஏற்பட்ட ______ ஆண்டுக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

இ. கணக்குப் போடுங்கள்

1. செல்வி 2,000 ரூபாய் கடன் வாங்கினாள். மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி. இரண்டு மாதத்துக்கு வட்டி எவ்வளவு?
2. ஒரு விண்ணப்பத்துக்கு 30 ரூபாய். ஒரு நாளில் பத்துக்குப் பதில் நாலு விண்ணப்பம் பதிந்தால் அன்றைய நஷ்டம் எவ்வளவு?

ஈ. விடை எழுதுங்கள்

1. மாரியம்மாள் எப்படிப் பிழையைக் கண்டுபிடித்தார்?
2. செல்வியின் கடிதத்தில் எத்தனை தேதிகள் இருக்கின்றன? அவை ஏன் தேவை?
3. "வியாபாரத்துக்கு வாரண்டி இல்லை" என்று நிறுவனம் சொன்னது சரியா?

உ. கலந்து பேசுங்கள்

உங்கள் வீட்டில் பழுதாகிப் பரண்மேல் கிடக்கும் பொருள் எது? அதன் பில் இருக்கிறதா? வாரண்டி முடிந்துவிட்டதா? அடுத்த வகுப்புக்கு அந்தப் பில்லைக் கொண்டு வாருங்கள். எல்லாரும் சேர்ந்து படிப்போம். தேவைப்பட்டால் கடிதம் எழுதுவோம்.